நாவற்குடாவில் வயலினை நிறுத்தக் கூடாது

என் காந்தாரத்தைக் கெடுத்தவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் பூபாலபிள்ளை. என் விரலைக் குறை சொல்ல மாட்டேன், வயலினைக் குறை சொல்ல மாட்டேன், யுத்தத்தைக்கூடக் குறை சொல்ல மாட்டேன். பூபாலபிள்ளைதான். அவர் இன்றைக்கும் கொழும்பில் மகளின் வீட்டில் நல்ல சுகத்தோடு இருக்கிறார். அதனால்தான் பெயரைப் போட்டு எழுதுகிறேன்.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சி.

காலை வெயில். எங்கள் ஒழுங்கை, பெரிய ரோட்டிலிருந்து இறங்குகிற சந்து, முடிகிற இடத்தில் வாவி. அந்த வாவிக்குள் ஒழுங்கைச் சனம் முழுக்க நிற்கிறது. கைக்குழந்தையைத் தோளில் வைத்த பெண்கள், ஒரு கன்னத்தில் மட்டும் சவரம் செய்த ஒரு மனிதர், பாதி துருவிய தேங்காயைக் கையில் வைத்திருக்கிற ஒரு கிழவி. எல்லாரும் நெஞ்சளவு தண்ணீரில், கண்டல் மரங்களுக்குப் பின்னால், மூச்சு விடாமல் நிற்கிறார்கள். நடுவில் பூபாலபிள்ளை. கறுப்புக் குடையை விரித்துப் பிடித்திருக்கிறார். மற்றக் கையில் சங்கக்கடைப் பூட்டுகளின் திறப்புகள், நனையாமல் தலைக்கு மேலே.

நான் கரையில் நின்று கேட்டேன். “என்ன ஐயா, எல்லாரும் என்ன செய்யிறீங்க?”

“ஏன் புள்ள நிப்பாட்டின நீ?” பூபாலபிள்ளை குரலைத் தாழ்த்திக் கேட்டார். “எத்தின பேர்? ட்ரக்கா, நடந்தா?”

“ஆரு ஐயா?”

“ஆமி.”

“ஆமி வரல்ல. வயலின் கம்பி அறுந்துட்டு.”

 முதலில் வாயைத் திறந்தவர் சீனித்தம்பி அண்ணன். அவர் எங்கள் ஒழுங்கையின் தோணிக்காரர். “சொல்லியிருந்தா வலையையாவது கொண்டு வந்திருப்பன். வெறுங்கையோட நிக்கிறனே” என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். மனேஜர் சிரிக்கவில்லை. “கம்பி அறுந்தா அறுந்த எண்டு வந்து சொல்லணும் மனெ. சும்மா நிப்பாட்டப்படாது” என்றார், குடைக்குக் கீழே நின்றபடி.

நான் சாதகம் செய்வதை ஒழுங்கை முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். சங்கீத ரசனையில் கேட்கவில்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரியும்.

வீணை சைக்கிளில் ஏறாது

நான் வயலின் படித்ததற்குத் தெய்வீகமான காரணம் எதுவும் இல்லை. அம்மாவுக்கு என்னை வீணைக்கு விடத்தான் ஆசை. டீச்சர் வீடு கல்லடியில். போகிற வழியில் காவலரண்கள். வீணையை சைக்கிளில் கட்ட முடியாது. கட்டினாலும், அந்தக் குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று சிப்பாய் கேட்டால் உடைத்துத்தான் காட்ட வேண்டும். ஆகவே வயலின்.

வயலினுக்கும் பெட்டி வில்லங்கமாகிவிட்டது. முதல் நாளே காவலரணில் மறித்தார்கள். பெட்டியைத் தரையில் வைத்துத் திற என்றார்கள். நான் குனிந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஒருவரையும் காணவில்லை. எல்லாரும் மண்மூட்டைக்குப் பின்னால் குந்திக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு பெட்டியைப் பரணில் போட்டுவிட்டு வயலினைக் கோதுமை மாப் பையில் சுற்றிக் கொண்டுபோனேன். மாப் பையை ஒருவரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் எல்லாரும் எதையாவது மாப் பையில்தான் கொண்டு திரிந்தோம். என் வயலினைத் தட்டினால் இன்றைக்கும் கொஞ்சம் மா உதிரும் என்று என் மாணவர்கள் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

கேட்டால் சமை, நின்றால் ஓடு

எங்கள் வீடு ஒழுங்கையின் வாயில், பெரிய ரோட்டோடு இருந்தது. முன் அறை ஜன்னலுக்குக் கீழே பாய் போட்டு, வயலின் தலையை வலது காலில் முட்டுக்கொடுத்து நான் வாசிப்பேன். ரோட்டில் எது வந்தாலும் முதலில் என் கண்ணில்தான் படும். இராணுவ ட்ரக் ஒழுங்கை வாயில் வேகத்தைக் குறைத்தால் என் வில் தானாக நின்றுவிடும். பயத்தில் நின்ற கை அது. அதற்குள் வேறு திட்டம் எதுவும் இருக்கவில்லை.

சுற்றிவளைப்பு என்றால் என்னவென்று தெரியாத இளம் வாசகர்கள் இருப்பார்கள். ஊர் ஆண்கள் எல்லாரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய் வெயிலில் இருத்துவார்கள். ஒரு வாகனத்துக்குள் முகத்தை மூடிய ஒருவன் இருப்பான். அவனுக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் உங்களைக் கொண்டுபோய்விடுவார்கள். அவனுக்கு இருமல் வந்து தலை ஆடினாலும் அதே கதிதான்.

ஆகவே ஆண்கள் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க விரும்பவில்லை. அதை நான் குறை சொல்லவில்லை. வயலின் நின்றால் ட்ரக் வருகிறது என்று முதலில் கவனித்தது யார் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் ஒழுங்கை முழுக்க அது பரவிவிட்டது. வயலின் கேட்டால் அடுப்பை மூட்டுவார்கள். வயலின் நின்றால் கொல்லைப்புறத்தால் வாவிக்கு ஓடுவார்கள். எங்கள் ஒழுங்கை நாய்கள்கூட முன்னால் ஓடும்.

இதுவரைக்கும் நடந்தது தானாக நடந்தது. அதைச் சட்டமாக்கியவர் பூபாலபிள்ளை.

வாவிக்குள் நின்று வந்த அன்று பின்னேரமே சங்கக்கடை வாசலில் கூட்டம் வைத்தார். பருப்புக் கொடுக்கிற நாள், அதனால் எல்லாரும் வந்திருந்தார்கள். என்னைத் தராசுக்குப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு அவர் பேசினார். நான் விடிந்ததிலிருந்து பள்ளிக்கூட மணி வரைக்கும் வாசிக்க வேண்டும். மறுபடியும் பின்னேரம், இருள்கிற வரைக்கும். சரளி வரிசை மட்டும் வாசிக்க வேண்டும்.

“நான் கீதத்துக்கு வந்துட்டன் ஐயா” என்றேன். சரளி என்பது அரிச்சுவடி. நான் அதைத் தாண்டி நாளாகியிருந்தது.

“கீதம் உனக்கு விளங்கும். எங்களுக்கு விளங்காது. புதுசா ஒண்டு கேட்டா ஆக்கள் குழம்பும்” என்றார். 

இப்படித்தான் நான் அரிச்சுவடிக்குத் திரும்பிப் போனேன்.

எனக்கு மலசலகூடம் போக வேண்டும் என்றால் அம்மா வந்து பாயில் இருப்பார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. வில்லைத் தந்தியில் வைத்து முன்னும் பின்னும் இழுப்பார். உரலைத் தரையில் இழுக்கிற சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால், பிள்ளை பின்னுக்குப் போயிருக்கிறது, பயமில்லை என்று ஒழுங்கை விளங்கிக்கொள்ளும். நான் எப்போது எங்கே போகிறேன் என்பது நாவற்குடாவுக்கே தெரிந்திருந்தது.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். கொத்தமல்லித் தண்ணீரோடு எத்தனையோ பேர் வந்தார்கள். தலையணை வைத்து நிமிர்த்தி இருத்தினார்கள். நெற்றியில் திருநீறு பூசினார்கள். பிறகு வில்லைக் கையில் தந்தார்கள்.

தங்கூசி

அறுந்த தந்திக்கு மாற்றுத் தந்தி கொழும்பில்தான் கிடைக்கும். பாதை பூட்டிக் கிடந்தது. சீனித்தம்பி அண்ணன் தன்னுடைய தங்கூசியில் ஒரு முழம் வெட்டிக்கொண்டு வந்தார். மீன்பிடிக்கிற நைலோன் நூல்.

“இதில கொடுவா மீனே தொங்கும். உன்ட பஞ்சமம் தொங்காதா?” என்று கேட்டார்.

தொங்கியது. ஆனால் கடிக்கிற நுளம்பு காதடியில் பாடுகிற மாதிரிப் பாடியது. வில்லுக்குப் பூசுகிற ரோசினும் முடிந்துபோனது. கோயிலுக்குப் போடுகிற குங்கிலியத்தை உடைத்துத் தேய்த்தேன். வாசித்தால் புகை இல்லாமல் பூசை மணம் வரும். எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிறவர்கள் சிலர் கும்பிட்டுக்கொண்டே போனார்கள். 

டீச்சர் சொன்னது

இனிக் காந்தாரத்துக்கு வருகிறேன்.

ச ரி க ம என்பதில் மூன்றாவது ‘க’. அதுதான் காந்தாரம். சரளி வரிசையில் ரி-க்கு முதல் விரலை நன்றாகப் பின்னுக்கு இழுத்து வைக்க வேண்டும். உடனே க-வுக்கு இரண்டாம் விரலை நன்றாக முன்னுக்கு நீட்டி வைக்க வேண்டும். என் இரண்டாம் விரல் நீளாது. பாதி வழியில் இறங்கிவிடும். ஆகவே என் காந்தாரம் தாழ்ந்து, அழுகிற மாதிரிக் கேட்கும்.

கல்லடியில் எனக்குச் சொல்லித்தந்தவர் திலகவதி டீச்சர். வாய் பொல்லாத மனிசி. “உன்ட காந்தாரம் செத்த வீட்டுக்கு வந்து நிக்கு” என்பார்.

அந்த வருடம் சங்கீதக் கல்லூரிக்கு ஆட்களை எடுக்கிறார்கள் என்று தெரியவந்தது. தேர்வில் சரளி வரிசையில்தான் தொடங்கச் சொல்வார்கள். சேர்ந்து படித்து முடித்தால் ஆசிரியர் நியமனம். எங்கள் வீட்டில் அப்பா இல்லை. அம்மா இடியப்பம் அவித்து விற்றுத்தான் என்னை வளர்த்தார். கல்லூரிக்குச் சேருவதற்கு வயது எல்லை இருந்தது, எனக்கு அதுதான் கடைசி வருடம். அந்தத் தேர்வை விட்டால் எனக்கு வேறு வாசல் கிடையாது.

டீச்சர் சொன்னார்: “இனி முழு வரிசையும் வாசிக்காத. ரி, க. இந்த ரெண்டையும் மட்டும் வாசி. மெள்ள வாசி. பிழை வந்தா அந்த இடத்திலேயே நிப்பாட்டு. விரலை எடு, காதால யோசி, மறுகா வை. பிழையோட ஓடிப்போனா கை பிழையத்தான் படிக்கும். கொஞ்ச நேரம் இப்பிடி வாசிச்சாப் போதும். மிச்ச நேரம் அம்மாவுக்கு மாப் பிசைஞ்சு குடு.”

பிழை வந்தால் நிறுத்து. உலகத்தில் எந்த வாத்தியம் படிக்கிறவரும் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான். 

நான் நிறுத்தினால் ஒழுங்கை வாவிக்குள் குதிக்கும். 

“பிழை”

சங்கக்கடைக்குப் போனேன். எனக்கு ஒரு மாதம் நிறுத்தி நிறுத்தி வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் தேர்வில் தோற்றுவிடுவேன் என்று சொன்னேன். சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

“நீ பிழைக்கு நிப்பாட்டினாயா ஆமிக்கு நிப்பாட்டினாயா எண்டு ஓடுறவனுக்கு எப்பிடித் தெரியும்?” என்று மனேஜர் கேட்டார்.

“பிழைக்கெண்டா, பிழை எண்டு கத்தட்டுமே” என்றார் சீனித்தம்பி அண்ணன். பகிடிக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார்.

மனேஜர் அதைத் தீர்மானமாக நிறைவேற்றினார்.

அடுத்த நாளிலிருந்து நான் ரி வாசிப்பேன், க வாசிப்பேன், ஜன்னலால் தலையை நீட்டி “பிழை” என்று கத்துவேன். மறுபடி ரி, க, “பிழை”. ஒழுங்கையின் கடைசி வீட்டுக்கும் கேட்க வேண்டும் என்பதால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அடுத்த வீட்டில் புருசனும் பெண்சாதியும் சண்டை பிடித்தால், என் குரல் வந்ததும் இரண்டு பேரும் வாயை மூடி, யாருக்குச் சொன்னது என்று யோசிப்பார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எனக்கு முதலே “பிழை” என்று கத்தத் தொடங்கினார்கள். அவர்கள் காது சரியாகத்தான் இருந்தது. பெரும்பாலும் பிழையாகத்தான் வாசித்தேன்.

தபாற்காரர் ஒருநாள் ஜன்னலடியில் சைக்கிளை நிறுத்தினார். “இண்டைக்குக் கத்துறது குறைவா இரிக்கே. சுகமில்லையா தங்கச்சி?”

சுகமாகத்தான் இருந்தேன். பிழை குறைந்துகொண்டு வந்தது.

இதை வாத்தியம் படிக்கிற எல்லாரும் கேளுங்கள். வருடக்கணக்கில் விடியற்காலைதோறும் வாசித்தும் நகராத விரல், இரண்டே ஸ்வரத்தை மெதுவாக வாசித்து, பிழையில் நிறுத்தி, மறுபடி வைத்ததில் நகர்ந்தது. கத்தியது உதவவில்லை. நின்றதுதான் உதவியது.

ஒரு காலையில் நான் ஒருதரம்கூடக் கத்தவில்லை. இரண்டாம் விரல் தன் இடத்தில் போய் இருந்தது. வாசிக்காத கீழ்ச் சட்ஜத் தந்தி தானாக அதிர்ந்தது. காந்தாரம் சுத்தமாக விழுந்தால் அப்படி நடக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் அதுவரைக்கும் நம்பவில்லை. ரி, க. ரி, க. பிறகு முழு வரிசையும் வாசித்தேன். மெதுவாகவும் விரைவாகவும் மூன்று காலத்திலும் வாசித்தேன்.

அம்மா இடியப்பத் தட்டோடு வெளியே போனவர் திரும்பி வந்தார். “ஒழுங்கையில ஒருத்தரும் இல்ல மனெ” என்றார்.

எல்லாருக்கும் தெரிந்த பிழை

அவர்கள் எங்கே என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்த முறை நான் கரையில் நின்று எவ்வளவு கூப்பிட்டும் ஒருவரும் தண்ணீரை விட்டு வெளியே வரவில்லை. என்னைப் பார்த்தும் வரவில்லை. வீட்டுக்குள் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

“இது அவள்ட வாசிப்பு இல்ல” என்று மனேஜர் மற்றவர்களுக்குச் சொன்னார். “ஆமி வீட்டுக்குள்ள புகுந்து, வயலின் தெரிஞ்ச ஒருத்தன வச்சு வாசிக்கிறான். நம்மள ஏமாத்த.”

“ஆமியில ஏது ஐயா வயலின்?” என்று கேட்டேன்.

“ஏன், பேண்ட் வாத்தியம் இல்லையா? பேண்ட் அடிக்கிறவனுக்கு இது பெரிய வேலையா?”

“நான்தான் வாசிச்ச. சரியா வாசிச்சன்” என்றேன். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்.

பூபாலபிள்ளை மெதுவாகக் கரையேறி வந்தார். சாரத்தைப் பிழிந்தார். “நல்லம். ஆனா பழையபடி வாசி. அந்த அழுற சத்தம்தான் எங்களுக்கு அடையாளம். அது இல்லாட்டி நீ எண்டு தெரியாது.”

“அது பிழை ஐயா.”

“பிழைதான் மனெ. எல்லாருக்கும் தெரிஞ்ச பிழை.”

நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த ஊரில் தலையாட்டினால் என்ன நடக்கும் என்று தெரிந்த மனிதர்கள்.

அதற்குப் பிறகு தேர்வு வரைக்கும் வீட்டில் காலையும் மாலையும் பிழையான காந்தாரத்தை வாசித்தேன். சரியான காந்தாரத்தை டீச்சர் வீட்டில் கொஞ்ச நேரம் வாசித்தேன். கைக்கு நியாயம் தெரியாது. எதை அதிகம் செய்கிறதோ அதைத்தான் வைத்துக்கொள்ளும். இதை நான் யாரிடமும் படிக்கத் தேவையிருக்கவில்லை.

தேர்வு நாள்

தேர்வன்று நான் டவுனுக்குப் போய்விடுவேன், வயலின் கேட்காது. அதனால் ஒழுங்கையை முன்கூட்டியே காலி செய்வது என்று மனேஜர் தீர்மானித்தார்.

மாப் பையைக் கட்டிக்கொண்டு நான் சைக்கிளை உருட்டி வருகிறேன். எதிரே ஒழுங்கை முழுக்க வாவிப் பக்கம் போகிறது. சோற்றுப் பார்சல், பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, சீட்டுக்கட்டு. யாரோ தாரா வாத்து முட்டை நிறைந்த சருவப் பானையையும் தலையில் வைத்துக்கொண்டு போனார்கள். 

“வடிவா வாசி புள்ள” என்று எல்லாரும் சொன்னார்கள். பூபாலபிள்ளையும் சொன்னார்.

பாலத்தைத் தாண்டி, காவலரண் சோதனை முடிந்து, தேர்வு மண்டபத்துக்குப் போனேன். மூன்று பரீட்சகர்கள். “சரளி வரிசையில் ஆரம்பியுங்கோ” என்றார் நடுவில் இருந்தவர்.

ச. ரி. இரண்டாம் விரல் நீளவில்லை. ஒழுங்கைக்கு வாசிக்கிற இடத்தில் போய் விழுந்தது. செத்த வீட்டுக் காந்தாரம்.

நான் வில்லை நிறுத்தினேன். நிறுத்தியதும் என் வாய் தானாகத் திறந்தது. “பிழை” என்று கத்தினேன், ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குக் கேட்கிற மாதிரி.

பரீட்சகர் ஒருவரின் கையில் இருந்த தேநீர் ஊற்றுப்பட்டது. மறுபடி வாசித்தேன். மறுபடி விழுந்தது. மறுபடி கத்தினேன். வெளியே முறைக்காகக் காத்திருந்த பிள்ளைகள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள்.

“ஆருக்குப் பிழை, அம்மா?” என்று நடுவில் இருந்தவர் மிகவும் பணிவாகக் கேட்டார்.

நான் நிறுத்தாமல் வரிசையை வாசித்து முடித்தேன். அது என்ன ராகம் என்று கேட்டார். மாயாமாளவகௌளை என்றேன். “நீங்கள் வாசித்தது அது இல்லை. என்ன என்று எனக்கும் தெரியவில்லை” என்றார்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தேன். ஒழுங்கை வெயிலில் கறுத்து, வயிறு நிறைந்து, நல்ல சந்தோசமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆமி வரவேயில்லை. எப்படி என்று கேட்டார்கள். சரிவரவில்லை என்றேன்.

பூபாலபிள்ளை என் தலையைத் தடவினார். “பரவாயில்ல. நாளைக்கு விடிய வாசிப்பாய்தானே?”

அம்மா கேட்ட கேள்வி

அம்மா சண்டைக்காரி இல்லை. அடுத்த நாள் பருப்பு வாங்குகிற பையோடு சங்கக்கடைக்குப் போனார். நானும் போனேன்.

“பூபாலண்ணன், உங்கட கடை வாசலில நிண்டாலும் ரோடு தெரியும்தானே” என்றார் அம்மா. “ட்ரக் வந்தா ஒரு தகரத்தில தட்டினா ஒழுங்கைக்குக் கேக்காதா? இந்தப் புள்ளைய ஏன் கட்டிப்போட்டிருக்கீங்க?”

“தகரத்தில தட்டினா, தட்டினவன் ஆரு எண்டு வந்து கேப்பானே தங்கச்சி.”

“வயலின நிப்பாட்டினவள் ஆரு எண்டு கேக்க மாட்டானா?”

மனேஜர் பருப்பை நிறுக்கத் தொடங்கினார். தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பையை அம்மாவிடம் நீட்டினார்.

நான் தொடர்ந்து வாசித்தேன். வேறென்ன செய்வது, ஒழுங்கையில் ஆண்கள் இருந்தார்கள். என் பிழையான காந்தாரத்தால் தப்பியவர்கள் உண்டு. சீனித்தம்பி அண்ணன் இரண்டு தரம் தப்பினார். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கல்லூரிக்கான வயது எல்லை தாண்டிப்போனது. நியமனம் இல்லை. இன்றைக்கும் அதே முன் அறையில், வருகிற பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்துத்தான் சாப்பிடுகிறேன்.

மூன்று பக்கம்

போன கிழமை என் மாணவி ஒருத்தியின் தாய் வந்தார். கையில் எங்கள் வாசிகசாலையின் ஆண்டு மலர்.

“டீச்சர், நீங்க பிள்ளைய அடிக்கொருக்கா நிப்பாட்டிப் போடுறீங்களாம். நிப்பாட்டாம வாசிச்சாத்தான் கை ஓடுமாம். மனேஜர் ஐயா எழுதியிருக்கார்.”

வாங்கிப் பார்த்தேன். பூபாலபிள்ளை மூன்று பக்கம் எழுதியிருக்கிறார், இசைப் பயிற்சி செய்வது எப்படி என்று. தினமும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டுமாம். ஒரே பாடத்தை வாசிக்க வேண்டுமாம். எக்காரணம் கொண்டும் இடையில் நிறுத்தக் கூடாதாம். யுத்த காலத்தில் ஒரு மாணவியைத் தான் இந்த முறையில் ஊக்குவித்தாராம். அந்தப் பயிற்சியின் இனிமையில் ஊரே திளைத்ததாம்.

திளைத்தது. நெஞ்சளவு தண்ணீரில்.

அந்தத் தாய்க்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். முதலில் சுருதி சேருங்கள். சேராத வயலினில் வாசிப்பதைவிடத் தூங்குவது நல்லது. வெறும் தந்தியில் வில்லை நீளமாக, நேராக இழுங்கள். தெரிந்ததை வாசித்துச் சுகம் காணாதீர்கள், தெரியாத இரண்டு ஸ்வரத்தை எடுங்கள். மெதுவாக வாசியுங்கள். பிழை வந்தால் நில்லுங்கள். காது களைத்தால் வயலினை வைத்துவிட்டு எழும்பிப் போங்கள். நிறுத்தத் தெரியாதவருக்கு வாசிக்கத் தெரியாது. நிற்காமல் வாசி என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும், அவர் உங்களுக்காகச் சொல்கிறாரா தனக்காகச் சொல்கிறாரா என்று கேளுங்கள்.

அந்தத் தாய் யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார். பிள்ளை இன்னும் வரவில்லை.

பூபாலபிள்ளை அவர்களே, நீங்கள் வயலினைப் பற்றி எழுதியதை நான் மன்னித்துவிடலாம். நீங்கள் வயலினைத் தொட்டதேயில்லை, அதனால் தெரியாது. ஆனால் தகரத்தில் தட்டினால் தட்டியவனைத் தேடி ஆமிக்காரன் வருவான் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வாயால் சொன்னீர்கள், நான் பக்கத்தில் நின்றேன். அப்படியென்றால் வயலின் ஏன் நின்றது என்று ஒரு நாள் அவன் என் ஜன்னலடிக்கு வந்திருந்தால், வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருக்கிற அந்த முன் அறைக்கு வந்திருந்தால், என்ன நடந்திருக்கும்? அதை நீங்கள் நினைத்தீர்களா, நினைக்கவில்லையா?

நினைத்திருந்தால், நினைத்துக்கொண்டேதான் என் தலையைத் தடவினீர்களா என்று சொல்லுங்கள். நினைக்கவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள்.

எனக்கு போன் எடுக்க வேண்டாம். ஆள் விட்டுச் சமாதானம் பேச வேண்டாம். இந்தக் கட்டுரை வருகிற இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு, நாவற்குடா முழுக்க வாசிக்கப் பதில் எழுதுங்கள்.